இருவர் செய்ய வேண்டிய வேலை

2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டின் சாலை விபத்துகளில் 4,43,366 பேர் காயமுற்றதாக ஒன்றிய அரசே கணக்குக் கொடுத்துள்ளது. சாரத்திலிருந்து விழும் கட்டுமானத் தொழிலாளர்கள் இக்கணக்கில் வரமாட்டார்கள். இவர்களுள் தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்பட்டோருக்கு, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் அடுத்த போராட்டம் தொடங்குகிறது. மூக்குக் குழாய் வழியே உணவு செலுத்த வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். எந்நேரமும் வலிப்பு வரலாம். எழுந்து நடமாடத் தொடங்கியவரும் ஒரே கேள்வியை ஓயாமல் கேட்பார். காரணமின்றிச் சினந்து கையோங்குவார். அது அவர் குணமன்று, காயத்தின் விளைவு என்பதை அறிந்து பொறுப்பதும் பராமரிப்பின் ஒரு பகுதியே.

இந்த வேலைக்கு யார் பொறுப்பு? ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. வீடு திரும்பிய பின் 15 நாட்களுக்கான மருந்து, பரிசோதனைகளோடு அதன் கடமை முடிகிறது. மூளை தேறுவதற்கோ மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். பதினாறாம் நாள் முதல் சுமை குடும்பத்தின் மீது, அதாவது பெரும்பாலும் மனைவி அல்லது தாயின் மீது விழுகிறது. அவர் தம் கூலி வேலையை விட நேர்ந்தால், விபத்து அக்குடும்பத்தின் இரண்டு வருமானங்களைப் பறித்துவிடுகிறது.

வசதியுள்ள வீடுகள் ஏஜென்சி மூலம் தங்கிப் பணிபுரியும் பெண்ணை அமர்த்துகின்றன. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் பெருநகரங்களுக்கு வரும் அப்பெண் நோயாளியின் அறையிலேயே படுக்கிறார். இரவு மூன்று மணிக்கு நோயாளி முனகினால் எழ வேண்டியவர் அவர்தான். செவிலியின் வேலையைச் செய்யும் அவருக்குக் கிடைக்கும் பெயர் ‘ஆயா’. ஊதியமும் அப்பெயருக்கு ஏற்பவே அமைகிறது.

உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் அளித்த ஒரு தீர்ப்பு இங்கே கவனத்துக்குரியது. 2007இல் நடந்த விபத்தில் மூளை பாதிக்கப்பட்டு வாழ்நாள் முழுதும் பிறர் உதவியின்றி இயங்க இயலாத நிலைக்கு ஆளான 12 வயதுச் சிறுமியின் இழப்பீட்டு வழக்கு அது. உயர் நீதிமன்றம் உதவியாளர் செலவாக மாதம் 2,500 ரூபாய் மட்டுமே கணக்கிட்டிருந்தது. சிறுமிக்கு ஏறத்தாழ 24 மணி நேரமும் ஆள் தேவை, எனவே இருவர் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். உதவியாளர் மருத்துவப் பயிற்சி பெற்றவராக இல்லாவிடினும் படுக்கைப்புண் வராமல் காக்கும் திறன் உடையவராக இருக்க வேண்டும் என்று கருதி, அரியானாவில் 2010இல் தேர்ச்சி பெற்ற தொழிலாளிக்கு அறிவிக்கப்பட்ட 4,846 ரூபாயை அளவுகோலாகக் கொண்டு, ஒருவருக்கு 5,000 ரூபாய் என நிர்ணயித்தது. தொகை சிறிதுதான். ஆயினும் இது இருவர் செய்ய வேண்டிய, தேர்ச்சி தேவைப்படும் வேலை என்பதை நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே ஒப்புக்கொண்டுவிட்டது. நடைமுறையில் அதை ஒருவர் செய்கிறார். தேர்ச்சியற்றவர் என்ற கணக்கில் கூலி பெறுகிறார்.

வீட்டுப் பணியாளர்களுக்கு வாரம் ஒருமுறை தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்று 2011இல் நிறைவேறிய சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 189ஆவது உடன்படிக்கை கூறுகிறது. அதற்கு ஆதரவாக வாக்களித்த இந்தியா இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. ஓய்வு அளித்தால் நோயாளியை யார் பார்ப்பது என்று குடும்பங்கள் கேட்கின்றன. நியாயமான கேள்விதான், ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் அரசு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்கும் திட்டங்களை அரசுகள் வகுக்க வேண்டும் என்கிறது. ‘பொருளாதாரத் திறனின் வரம்புக்குள்’ என்ற சொற்றொடரையும் கூடவே சேர்த்து, தப்பிக்க வழியும் காட்டிவிட்டது.

கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2008இல் வகுத்த வலிநிவாரண, ஆதரவு சிகிச்சைக் கொள்கையால் உள்ளாட்சி அமைப்புகளின் செவிலியர் படுக்கையில் கிடப்போரின் வீட்டுக்கே செல்கின்றனர். முழுநேரப் பராமரிப்பாளருக்கு ‘ஆஸ்வாசகிரணம்’ என்ற மாத உதவியும் உண்டு. அதன் தொகையான 600 ரூபாய் போதாது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

விபத்து இழப்பீட்டுக் கோரிக்கையும் வீட்டுப் பணியாளர் கோரிக்கையும் இதுவரை வெவ்வேறு மேடைகளில் எழுப்பப்பட்டு வந்துள்ளன. இவை இணைய வேண்டும். கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு செஸ் வரியாக வசூலிக்கப்பட்டு நல வாரியங்களுக்குச் செல்கிறது. தலையில் அடிபட்டுக் கிடக்கும் உறுப்பினருக்கு, பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என இரு பராமரிப்பாளர்களின் ஊதியத்தை அந்நிதியிலிருந்தே வழங்க வேண்டும் என்ற கோரிக்கையை கட்டுமானத் தொழிலாளர் சங்கங்களும் வீட்டுப் பணியாளர் சங்கங்களும் சேர்ந்தே எழுப்பலாம்.