முதல் நடை

பள்ளி எட்டரைக்குத்தான் தொடங்குகிறது. வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். ஆனாலும் வேன் எங்கள் தெருமுனைக்கு ஏழு பத்துக்கே வந்துவிடுகிறது. ஒரே வேன் இரண்டு நடை அடிக்கிறது என்பதுதான் காரணம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, புறவழிச்சாலைப் பக்கம் அடுத்த நடைக்குத் திரும்ப வேண்டும். முதல் நடைப் பிள்ளைகள் எட்டு மணிக்கு முன்பே போய், பூட்டிய வகுப்பு வாசலில் பையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஜூனில் ஒன்றாம் வகுப்புச் சேர்ந்த என் மகளும் அவர்களில் ஒருத்தி.

ஏழு பத்துக்கு வேன் என்றால் ஆறு மணிக்கு எழுப்பியாக வேண்டும். "எந்திரி தாயி, வேன் வந்துரும்" என்று தூக்கி நிறுத்தினால், நின்றபடியே தூங்குகிறாள். பிரஷ் வாயில் இருக்கிறது, கை அசைவதில்லை. இட்லியை ஊட்டினால் மெல்லாமல் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறாள். வேனில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தக் கன்னம் உப்பியே இருக்கும். பார்க்கிறவர்கள் பிடிவாதம் என்கிறார்கள். தூக்கம் போதாத பிள்ளை வேறு எப்படி இருக்கும்?

அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2016இல் ஒரு பரிந்துரை வெளியிட்டது. 3 முதல் 5 வயதுவரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து, நாளுக்கு 10 முதல் 13 மணி நேரம். ஆறு வயதிலிருந்து 9 முதல் 12. என் மகளுக்கு ஐந்தரை. யு.கே.ஜி. வரை மத்தியானம் வீட்டில் போட்ட குட்டித் தூக்கம் ஒன்றாம் வகுப்போடு போயிற்று. ஆக, ஆறுக்கு எழ வேண்டியவள் இரவு எட்டுக்குள் கண்ணசர வேண்டும்.

இரவு எட்டு மணிக்கு எந்த வீடு அடங்குகிறது? எங்கள் வீட்டை அடக்கினோம். ஏழு மணிக்குச் சாப்பாடு. ஏழே முக்காலுக்குக் கூடத்து விளக்கு அணைந்துவிடும். அத்தை தன் சீரியலை மறுநாள் மத்தியானம் மறு ஒளிபரப்பில் பார்த்துக்கொள்கிறார். பேத்திக்காக அவர் முகம் சுளிக்காமல் விட்டுக்கொடுத்தது அது. மாற்ற முடியாதது ஒன்றுதான்: என் கணவர் கடை சாத்திவிட்டு வர ஒன்பதரை ஆகும். அவர் வரும்போது மகள் தூங்கியிருப்பாள், அவர் எழும்போது வேனில் போயிருப்பாள். பள்ளி தொடங்கிய புதிதில் அப்பாவும் மகளும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பேசிக்கொண்டார்கள்.

இப்போது காலை அவருடையது. எழுப்புவது, குளிப்பாட்டுவது, சடை பின்னுவது எல்லாம் அவர்தான். ரெட்டைச் சடையை அத்தையே மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். எண்ணெய் தொட்டு நேர்வகிடு எடுத்து, மூன்று கால் பிரித்து, காதுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்துத் தொடங்க வேண்டும். தொடக்கம் தளர்ந்தால் சாயங்காலத்துக்குள் அவிழ்ந்துவிடும். பாதிச் சடையில் அவளுக்குத் தூக்கம் தெளிந்து, முந்தின நாள் கதையெல்லாம் வர ஆரம்பிக்கும். யார் ரப்பரைத் தொலைத்தது, எந்த மிஸ் பாட்டுப் பாடினார்கள் என்று. அடுப்படியில் டிபன் பாக்ஸை மூடியபடி நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். என்னிடம் சொல்லாததெல்லாம் அதில் இருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா விடியுமுன்னே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார். மகன் மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. 2022 செப்டம்பர் 15இல் இதே மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் தமிழகத்தின் அரசு தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் போய்ச் சேர்ந்தது. வகுப்பு தொடங்குமுன் பொங்கலோ கிச்சடியோ உப்புமாவோ கிடைக்கிறது. "புள்ள சாப்பிட்டிருப்பான்னு நெனச்சுக்கிட்டே பூ கட்டலாம்ல" என்றார் அக்கா. ஒரு தாயின் காலை நேரத்தை அரசாங்கம் யோசித்துப் பார்த்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

பிள்ளைகளின் தூக்கத்தையும் அப்படி யோசிக்கலாம். மகாராஷ்டிர அரசு யோசித்தது. மழலையர் வகுப்பு முதல் நான்காம் வகுப்புவரை ஒன்பது மணிக்கு முன் பள்ளி தொடங்கக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது. பிள்ளைகளுக்குத் தூக்கம் போதவில்லை என்பதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். வண்டி ஓட்டுவோரின் சிரமம், வேலைக்குப் போகும் பெற்றோரின் சிரமம் எல்லாம் உண்மைதான். அவற்றைத் தீர்க்கப் பெரியவர்கள் கூடிப் பேசலாம். ஐந்து வயதுப் பிள்ளை யாரோடு கூடிப் பேசும்?

ஒன்பது மணிப் பள்ளி இங்கே எப்போது வருமோ, அதுவரை ஒரு சின்னக் காரியம் நடக்கலாம். முதல் நடை, இரண்டாம் நடை இரண்டையும் மாதம் ஒருமுறை மாற்றிவிட்டால், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் முக்கால் மணி நேரம் கூடுதல் தூக்கம் கிடைக்கும். வேன் ஓட்டும் அண்ணனிடம் கேட்டேன். "எனக்கு எல்லாம் ஒரே டீசல்தான்க்கா, ஸ்கூல்ல சொல்லச் சொல்லுங்க" என்றார். வருகிற சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். தெருவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். புறவழிச்சாலைப் பக்கத்துத் தாய்மாரிடம் இன்னும் பேசவில்லை. அவர்கள் பிள்ளைகள்தான் இப்போது ஏழு மணிவரை தூங்குகிறார்கள்.