மளிகைக் கடை இல்லை, கள்ளுக்கடை

"உங்கள் கொள்ளுத்தாத்தா என்ன வேலை செய்தார்?"

சில வாரங்களுக்கு முன் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் நான் கேட்ட கேள்வி இது. அழைப்புகள் வரிசை கட்டின. பால்மரம் வெட்டினார், கங்காணியாக இருந்தார், ரயில் பாதை போட்டார், மாட்டுவண்டி ஓட்டினார் என்று ஆளுக்கொரு கதை. கடைசியாக வந்த ஓர் அம்மா, தன் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, "எல்லாரையும் கேக்குறியேம்மா, உன் கொள்ளுத்தாத்தா என்ன செஞ்சாரு?" என்று என்னையே மடக்கினார்.

"கடை வச்சிருந்தாரும்மா. மளிகைக் கடை" என்று கொஞ்சமும் தயங்காமல் சொல்லிவிட்டு, அடுத்த பாட்டைப் போட்டேன். பாட்டு முடிவதற்குள் அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு: "மளிகைக் கடைன்னு உனக்கு யாரு சொன்னா?"

யோசித்துப் பார்த்தால், யாருமே சொல்லவில்லை. அம்மாவைப் பெற்ற பாட்டி எப்போதும் சொல்வது, "எங்கப்பா கடை வச்சிருந்தாரு" என்ற ஒரே வரிதான். மளிகையை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அலமாரி மேலிருந்து பழைய பிஸ்கட் டின்னை இறக்கினார். உள்ளே பாட்டியின் பிறப்புப் பத்திரம். ஆண்டு 1938. தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் கோணல்மாணலான ஆங்கிலக் கையெழுத்து. 'டாடி செல்லர்' என்று வாய்விட்டுப் படித்து, "என்னம்மா, அப்பாவை விற்கிறவரா?" என்று சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அது கள்ளைக் குறிக்கும் 'டாடி'. கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கள் விற்றவர் என் கொள்ளுத்தாத்தா.

தோட்டத்துக் கள்ளுக்கடையைப் பார்த்திராத இளைய வாசகர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். தென்னம்பாளையைச் சீவி வடியும் சாறுதான் கள். இறக்கும்போது இனிக்கும். சில மணி நேரத்தில் தானாகவே புளித்துப் போதை ஏறிவிடும். மேலும் வைத்திருந்தால் காடியாகிவிடும். அன்றைய சரக்கை அன்றே விற்றாக வேண்டும்.

பிரிட்டிஷ் ஆட்சியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் கள் விற்க முடியாது. உரிமம் வேண்டும். நகரத்தில் அரசாங்கக் கள்ளுக்கடைகள் இருந்தன. தோட்டத்தில் நிர்வாகமே கடை நடத்தியது. தோட்டக் கடையின் லாபத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவிட வேண்டும் என்பது ஏற்பாடு. கோயில் திருவிழா, விளையாட்டுத் திடல் என்று அந்தப் பணம் திரும்பி வரும். குடித்தவன் காசிலேயே அவனுக்குத் திருவிழா, நல்ல பெயர் மட்டும் துரைக்கு!

ஆக, 'கடை வைத்திருந்தார்' என்பதுகூடச் சரியில்லை. கடை தோட்டத்துடையது. கொள்ளுத்தாத்தா அதில் கள் ஊற்றிக் கொடுத்துக் காசை வாங்கிப் போட்டவர்.

ஊடகத்துறையில் பட்டம் வாங்கியவளாயிற்றே, சும்மா விடுவேனா? தேட ஆரம்பித்தேன். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படித் தேடக்கூடும் என்பதால், நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலில் பெயர். அன்றைய குமாஸ்தாக்கள் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஒரே வீராசாமி ஒரு தாளில் 'வி'யில் தொடங்குவார், இன்னொன்றில் 'டபிள்யூ'வில். எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுத் தேட வேண்டும். அடுத்தது தோட்டத்தின் பெயர். ஆவணத்தில் இருப்பது ஆங்கிலப் பெயர். நம்மவர்கள் தங்களுக்குள் புழங்கியது வேறு பெயர். பாட்டி சொன்ன பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. பிறப்புப் பத்திரத்தில் இருந்த முகவரிதான் கைகொடுத்தது.

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் அந்தக் காலத்துப் பத்திரிகைகளை இலவசமாகப் படிக்கலாம். மலாயாச் செய்திகளும் அதில் ஏராளம். கள்ளுக்கடை என்று தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் இரண்டு நாள் போய் வந்தேன். தோட்டத்தின் பெயரைப் பார்த்தேன், துரையின் பெயரைப் பார்த்தேன். கொள்ளுத்தாத்தாவின் பெயர் எங்கும் இல்லை. உரிமம் யார் பேரில் இருந்ததோ அவர் பெயர்தானே தாளில் ஏறும்!

ஆனால், தேடப் போன இடத்தில் நான் தேடாத ஒன்று கிடைத்தது. கள்ளுக்கடையை மூடு என்று போராடியவர்களின் கதை.

1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தலைமை தாங்கியவர் ஆர்.எச்.நாதன். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்லக்கூடாது என்ற கோரிக்கைகளோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. நாதனை நாடு கடத்தினார்கள். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். போருக்குப் பிறகு, 1947-ல், கெடாவில் பீடோங் பக்கம் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியலில் இறங்கிப் போலீசிடம் அடிபட்டார்கள். கள்ளை ஒழித்தால் ஆட்கள் சம்சு குடித்துச் சாவார்கள் என்பது கடைகளுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதம்.

பள்ளி நாட்களிலிருந்தே எனக்கு இவர்கள் வீரர்கள். இதே சம்பவங்களைப் பற்றி வானொலியில் நானே நிகழ்ச்சி செய்திருக்கிறேன். அவர்கள் மூடச் சொன்ன கடைகளில் ஒன்றின் உள்ளே என் கொள்ளுத்தாத்தா நின்றிருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இதற்கு மேல் காகிதத்தில் எதுவும் கிடைக்காது என்று தெரிந்ததும் பாட்டியிடம் போனேன். அவருக்கு வயது 87. காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் கூர்மை. பிறப்புப் பத்திரத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா ஒரு சொட்டு வாயில வச்சதில்ல" என்றார் முதலில். பிறகுதான் மற்றது வந்தது.

கடைக்குச் சோறு கொண்டுபோவது பாட்டியின் வேலை. அப்போது ஒன்பது, பத்து வயதிருக்கும். மற்ற நாட்களில் ஒன்றுமில்லை. சம்பள நாளன்று போகப் பிடிக்காதாம். கடைக்கு எதிரே, கால்வாய் ஓரமாக, கைப்பிள்ளைகளோடு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். புருஷன் உள்ளே நுழைவதற்குள் சம்பளத்தில் கொஞ்சமாவது வாங்கிவிட வேண்டும் என்று காத்திருப்பவர்கள். அவர்களைத் தாண்டித்தான் கடைக்குள் போக வேண்டும்.

"ஒரு நாளு, அதுல ஒரு பொம்பள என்னைக் கூப்புட்டு தூக்குச்சட்டியத் தொறந்து பாத்தா. 'எங்க வூட்டு அரிசிதான் உங்க வூட்டு ஒலையில கொதிக்குது'ன்னா. திட்டல. சும்மா சொன்னா. சொல்லிட்டு மூடிக் குடுத்துட்டா."

"உங்க அப்பாகிட்ட சொன்னீங்களா பாட்டி?"

"சொன்னேன். 'நான் ஊத்தலன்னா இன்னொருத்தன் ஊத்துவான்'னாரு."

அவர் சொன்னது பொய்யில்லை. அவர் போயிருந்தால் மறுநாளே வேறொருவர் அங்கே நின்றிருப்பார். அவருக்கும் நான்கு பிள்ளைகள், லயத்தில் ஒரு வீடு, மாதம் பிறந்தால் சம்பளம். ஆனால் அந்தப் பெண் சொன்னதும் பொய்யில்லையே. எழுபத்தேழு, எழுபத்தெட்டு வருஷமாகப் பாட்டி 'கடை' என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பேராக் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். வீட்டுக்குத் திரும்பும் வழியில், காரை ஓட்டிக்கொண்டே, "எங்க ஆயாவும் சம்பள நாள்ல அப்படித்தான் போயி ஒக்காருவாங்களாம்" என்றார். அவருடைய தாத்தா குடித்தே போனவர். அதையும் எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை.

அம்மா வழியில் கள் ஊற்றிக் கொடுத்தவர், அப்பா வழியில் அதைக் குடித்து அழிந்தவர், கால்வாய் ஓரம் காத்திருந்தவர். மூன்று பேரும் எனக்குச் சொந்தம். முன்னோர்களைத் தேடுகிறோம் என்று கிளம்பும்போது, மனதுக்குள் ஒரு நல்ல ஆளைத்தான் தேடுகிறோம் போலிருக்கிறது. கங்காணி கிடைத்தால் பெருமை, போராளி கிடைத்தால் இன்னும் பெருமை. கள்ளுக்கடை கிடைத்தால் டின்னை மூடி மறுபடி அலமாரி மேலே வைத்துவிடுகிறோம். அதில் உள்ளே போவது அவர் மட்டுமில்லை. அவர் கடைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்களும் சேர்ந்தே போகிறார்கள்.

இதை நான் நிகழ்ச்சியில் சொல்லப்போகிறேன் என்றதும் பெரியம்மாவுக்குக் கோபம். "ஊரு ஒலகத்துக்கெல்லாம் சொல்லணுமா? கட்டிக்கொடுக்க வேண்டிய பிள்ளைங்க இருக்கு வீட்டுல" என்றார். அவர் பயத்தையும் தள்ளிவிட முடியவில்லை. செய்யும் தொழிலை வைத்து ஆளை எடைபோடுவதை நாம் இன்னும் விட்டுவிடவில்லையே.

முடிவைப் பாட்டியிடமே விட்டேன். மறுபடி போய், "வானொலியில சொல்லட்டுமா, பத்திரிகையில எழுதட்டுமா பாட்டி? வேணாம்னா வேணாம்" என்று காதருகே சத்தமாகக் கேட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எழுது. எங்கப்பா குடிக்கமாட்டாருன்னு எழுது" என்றார். நான் எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன். திரும்பக் கூப்பிட்டார்.

"அந்தப் பொம்பள சொன்னதையும் சேத்து எழுது."