கையெல்லாம் வெடிப்பு: ‘ஸ்கின் பேரியர்’ கிரீம் உண்மையிலேயே வேலை செய்யுமா?

திருப்பூர் - பல்லடம் சாலையில் இருக்கிறது அருள்புரம். சாய ஆலைகளும், அவற்றின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையமும் உள்ள பகுதி. சாயப்பட்டறை வேலை என்றால் காஸ்டிக் சோடா, பெராக்சைடு, சோப்புத் தண்ணீர் என கை அடிக்கடி ஈரத்தில்தான். தோல் வறண்டு வெடித்தால் கடையில் கிடைப்பது ‘பேரியர் ரிப்பேர்’ கிரீம். காசு கொடுத்து வாங்கலாமா?

பேரியர் என்றால் என்ன?

தோலின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர் மாதிரி. இறந்த செல்கள்தான் செங்கல். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள்தான் சாந்து. காரமும் சோப்பும் இந்தச் சாந்தை அரித்துவிடும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும், வெளியே இருக்கும் ரசாயனம் உள்ளே நுழையும்.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

தன்னார்வலர்களின் முன்கையில் சோடியம் லாரில் சல்பேட் என்ற சோப்புப் பொருளை வைத்து, தோலை லேசாகப் பாதிக்க வைப்பார்கள். பிறகு ஒரு சதுர மீட்டர் தோலிலிருந்து மணிக்கு எத்தனை கிராம் நீர் ஆவியாகிறது என்ற கணக்கில் கருவி அளக்கும். அளவு குறைந்தால் சுவர் எழும்புகிறது என்று அர்த்தம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. கிரீம் போடாவிட்டாலும் தோல் தானாக ஆறும். அதனால், அதே மாதிரி பாதிக்கப்பட்டு கிரீம் தடவாத இன்னொரு இடத்தோடு ஒப்பிட வேண்டும். தடவிய உடனே அளந்தாலும் ஏமாந்துவிடுவோம். வாஸ்லின் போன்றவை தோலை மூடி நீரைத் தடுக்கும். அது மூடி மட்டும்தான், சுவர் இன்னும் எழும்பவில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

வேலையால் வரும் கைத்தோல் அழற்சியைத் தடுப்பது பற்றிய 9 ஆய்வுகளை, காக்ரேன் அமைப்பு 2018-ல் தொகுத்தது. மொத்தம் 2,888 பேர். சாயத் தொழிலாளர்களும் இதில் உண்டு. ஈரப்பதம் தரும் கிரீம் பயன்படுத்தியவர்களில் 13% பேருக்கு அழற்சி வந்தது, பயன்படுத்தாதவர்களில் 19%. வேலைக்கு முன் தடவும் தடுப்பு கிரீமில் வித்தியாசம் இன்னும் குறைவு: 29%, 33%. இந்த ஆதாரங்களும் வலுவானவை அல்ல என்கிறது அந்தத் தொகுப்பு.

அப்படியென்றால் என்ன செய்வது?

கிரீம் ஓரளவு உதவலாம், ஆனால் கையுறைக்கு மாற்று இல்லை. சாயக் கறை போக பிளீச்சில் கை கழுவுவதை நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து கிரீம் தடவுங்கள். வெடிப்பு ஆறாவிட்டால் டாக்டரிடம் போங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். ரசாயனம் பட்டு வரும் தோல் அழற்சியை 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமே தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்தது.