'வில் ஹேவ்' என்றால் பயமா?

இங்கிலீஷில் "பியூச்சர் பெர்பெக்ட்" என்றதும் பிள்ளைகளுக்குக் கை கால் உதறுகிறது. அட்டவணையைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் உதறாதா? தமிழில் சொல்லிக் கொடுங்கள்!

"நீ வருவதற்குள் நான் சாப்பிட்டிருப்பேன்" என்கிறோம் அல்லவா? அதுவேதான் இது.

"பை த டைம் யூ கம், ஐ வில் ஹேவ் ஈட்டன்."

"ஈட், ஏட், ஈட்டன்" என்று படிக்கிறோமே, அதில் மூன்றாவது சொல்லை "வில் ஹேவ்" பக்கத்தில் வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஓர் இடத்தில் மட்டும் வழுக்கும். வரப்போவதும் எதிர்காலம்தானே என்று "யூ வில் கம்" என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. அங்கே வெறும் "கம்" போதும்.

"இந்நேரம் அவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்" என்று ஊகமாகச் சொல்கிறோமே, அதற்கும் இதே "வில் ஹேவ்"தான்: "ஹீ வில் ஹேவ் ரீச்டு ஹோம் பை நவ்."