யார் பேசுவது என்று கேட்கும் உரிமை

தொலைபேசி ஆங்கிலம் கற்பிக்கும் எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் முதல் பாடம் ஒன்றுதான். போனை எடு, வணக்கம் சொல், நிறுவனத்தின் பெயரையும் உன் பெயரையும் சொல், 'ஹவ் மே ஐ ஹெல்ப் யூ?' என்று கேள். இரண்டாம் பாடம் மன்னிப்பு. 'ஐயாம் ஸோ ஸாரி டு ஹியர் தட்', 'ஐ அப்பாலஜைஸ் ஃபார் தி இன்கன்வீனியன்ஸ்' என்று விதவிதமாக. சென்னையில் ஒரு நிறுவனத்தில் சில வருடங்கள் இதைச் சொல்லிக்கொடுத்துத்தான் சம்பளம் வாங்கினேன். சிரித்துக்கொண்டே பேசுங்கள், சிரிப்பு குரலில் கேட்கும் என்பேன். மேசையில் சின்னதாக ஒரு கண்ணாடி வைத்துக்கொள்ளச் சொல்வோம். அந்தப் பக்கம் திட்டு விழும்போதும் நம் முகம் சிரித்தபடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளத்தான். அப்போது இதில் எதுவும் எனக்கு உறுத்தவில்லை.

இப்போது நண்பர்கள் சேர்ந்து கள்ளக்குறிச்சியில் நடத்தும் ஒரு மாலை வகுப்புக்கு வாரம் இரண்டு நாள் போகிறேன். வருகிறவர்களுக்கு முப்பதிலிருந்து ஐம்பது வயது. ஜவுளிக்கடையில் பில் போடுகிறவர், ஒரு தனியார் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவர், லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர், வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள். அநேகமாக எல்லோரும் சேரிகளில் பிறந்து வளர்ந்தவர்கள். வேலையில் போன் எடுக்க வேண்டியிருக்கிறது, பெங்களூரிலிருந்தோ மும்பையிலிருந்தோ கூப்பிடுகிறவர் ஆங்கிலத்தில் பேசுகிறார், அதனால் வந்தார்கள்.

மூன்றாவது வகுப்பில் கூப்பிடுகிறவரின் பெயரைக் கேட்கும் வாக்கியத்தைப் பலகையில் எழுதினேன். 'மே ஐ நோ ஹூஸ் காலிங், ப்ளீஸ்?' எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். ஒரு அக்கா மட்டும் வாய் திறக்கவில்லை. என்னவென்று கேட்டேன்.

"போன் பண்றவங்க பெரிய ஆளா இருந்தா? நீங்க யாருன்னு நாம கேக்கலாமா சார்?"

அலுவலக ஆங்கிலத்தில் இதைவிடச் சாதாரணமான வாக்கியம் கிடையாது. கேட்காமல் விட்டால்தான் மேலாளர் திட்டுவார். ஆனால் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் யார் யாரைப் பெயர் கேட்பது என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. 'நீ யாரு மவன்? எந்தத் தெரு?' என்று ஊர் கேட்கும், சேரி பதில் சொல்லும். அது திரும்பி நடந்து நாம் பார்த்திருக்கிறோமா? நாற்பது வருடம் பதில் சொல்லியே பழகிய ஒருவருக்கு அந்த வாக்கியத்தின் உச்சரிப்பில் சிரமம் இல்லை. அதைச் சொல்லத் தனக்கு இடம் உண்டு என்று நம்புவதில்தான் சிரமம். எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பயிற்சி இல்லை. நம் மக்களுக்குத் தொலைபேசி ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க விரும்பும் தோழர்கள் கேள்வி கேட்பதிலிருந்து தொடங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். மன்னிப்பு கேட்கும் பாடம் கடைசியில் வரட்டும். அதில் நம் ஆட்களுக்கு ஏற்கெனவே அளவுக்கு மீறிய பயிற்சி இருக்கிறது.

கள்ளக்குறிச்சி என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது கருணாபுரமாகத்தான் இருக்கும். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பெரும்பாலோர் தலித்துகள், தினக்கூலிகள், பெண்களும் உண்டு. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், சேலம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருந்த இடத்தில் அந்த விற்பனை நடந்தது. முதல் சாவுகள் விழுந்தபோது சாராயம் காரணமில்லை என்று நிர்வாகத் தரப்பிலிருந்து சொல்லப்பட்டது. பிறகு கலெக்டர் மாற்றப்பட்டார், எஸ்.பி. சஸ்பெண்ட் செய்யப்பட்டார், நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று அரசு அறிவித்ததும், குடிகாரர்களுக்கு எதற்குப் பணம் என்று சமூக ஊடகத்தில் எழுதிய நல்லவர்களையும் பார்த்தோம்.

கருணாபுரத்து மக்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லும் அற்பத்தனம் எனக்கு இல்லை. மெத்தனாலைத் தடுக்க வேண்டியது அரசின் வேலை, அதைக் குடித்துச் செத்தவர்களின் திறன் குறைபாடு அதில் எங்கும் வராது. எனக்கு உறுத்துவது வேறு. ஒரு தெருவிலிருந்து வரும் குரலுக்கு அலுவலகக் காதில் என்ன எடை என்று அந்த ஜூன் மாதம் காட்டிவிட்டது. அந்த மாதிரித் தெருக்களிலிருந்து வருகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இன்னும் மெதுவாகப் பேசு, இன்னும் பணிவாகப் பேசு, கண்ணாடியைப் பார்த்துச் சிரி என்று சொல்லிக்கொடுக்க இனி என்னால் முடியாது.

'இதெல்லாம் சரி, வேலை கிடைக்க மென்திறன் வேண்டுமே?' என்று கேட்பீர்கள். மென்திறன் என்ற சொல்லைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம். அபிஜித் பானர்ஜியும் சக ஆய்வாளர்களும் டெல்லிப் பகுதியில் 371 வேலை அறிவிப்புகளுக்கு 3,160 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். ஆய்வு வெளியானது 2009-இல். விண்ணப்பங்களில் சாதியைக் காட்டியது குடும்பப் பெயர்தான். மென்பொருள் வேலைகளில் சாதியால் வித்தியாசம் எதுவும் தென்படவில்லை. கால் சென்டர் வேலைகளில் தென்பட்டது. உயர்சாதிப் பெயர்களுக்குத்தான் அதிகம் அழைப்பு வந்தது. பிற்படுத்தப்பட்ட சாதிப் பெயர்கள் தெளிவாகப் பின்தங்கின, பட்டியல் சாதிப் பெயர்களும் அதைவிடக் குறைந்த அளவில் பின்தங்கின. முகமே தெரியாத, குரல் மட்டும் பேசும் வேலையில்தான், அந்தக் குரலைக் கேட்பதற்கு முன்பே பெயர் வேலை செய்திருக்கிறது. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு துண்டைத் தருகிறது. தகுதி ஒன்றையே பார்க்கிறோம் என்று சொன்ன மனிதவள அதிகாரிகள், நேர்காணலில் குடும்பப் பின்னணியைக் கேட்பதை மிக இயல்பான விஷயமாகச் சொன்னார்கள். அப்பா என்ன செய்கிறார், எந்த ஊர், எப்படிப்பட்ட வீடு என்று. மென்திறன் என்று அவர்கள் தேடுவதில் பாதி அந்த வீடுதான்.

ஆகவே, நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டால் வேலை தானாக வரும் என்று வகுப்பில் பொய் சொல்லக் கூடாது. பேசக் கற்றுக்கொள்வது நம் பக்கத்து வேலை. தனியார் துறையில் இட ஒதுக்கீடும், யாரை எதற்காக நிராகரித்தோம் என்று நிறுவனங்கள் கணக்கு காட்டுவதும் அவர்கள் பக்கத்து வேலை. இரண்டாவதைக் கேட்காமல் முதலாவதை மட்டும் நடத்தும் திறன் பயிற்சித் திட்டங்கள்மீது எனக்குச் சந்தேகம் உண்டு.

பெயர் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லியாக வேண்டும். வெளிமாநில அலுவலகங்களிலிருந்து வரும் எந்த அழைப்பிலும் 'லாஸ்ட் நேம் ப்ளீஸ்?' என்ற கேள்வி வரும். என் வகுப்பில் யாருக்கும் லாஸ்ட் நேம் கிடையாது. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. விடுவதற்குப் பட்டமே இல்லாதவர்களும் விட்டவர்களும் இன்று இனிஷியலோடு ஒரே வரிசையில் நிற்கிறோம். அந்தக் கேள்வி வந்ததும் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள், ஏதோ ஒன்று தங்களிடம் குறைகிற மாதிரி. அதனால் இதற்கென்றே ஒரு வாக்கியம் பழகுகிறோம். 'வி டோன்ட் யூஸ் சர்நேம்ஸ். மை இனிஷியல் இஸ் மை ஃபாதர்ஸ் நேம்.' குரலை உயர்த்த வேண்டாம், விளக்கவும் வேண்டாம். சொல்லிவிட்டு அமைதியாக இருக்க வேண்டும். அந்த அமைதியைப் பழகத்தான் அதிக நேரம் பிடித்தது.

இன்னொரு பயிற்சி, ஒரு முழு அழைப்பை 'சார்' இல்லாமல் பேசி முடிப்பது. ஆங்கிலத்தில் நீ, நீங்க, தாங்கள் என்ற படிக்கட்டு கிடையாது. வங்கி மேலாளரும் 'யூ', நாமும் 'யூ'. இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு கலகலப்பு. ஆனால் பேசத் தொடங்கினால் ஒரு வாக்கியத்துக்கு மூன்று 'சார்' வந்து அந்தச் சமத்துவத்தை அடைத்துவிடுகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், 'சார்' வேண்டாம், 'ப்ளீஸ்', 'தேங்க்யூ' போதும் என்று விதி வைத்தேன். என்னையும் சார் என்று சொல்ல வேண்டாம், அண்ணன் என்று கூப்பிடுங்கள் என்றேன். "சரிங்க சார்" என்றார்கள்.

ஆங்கிலம் பற்றி நமக்குள் இருக்கும் சண்டையை நான் அறிவேன். முதலாளிக்குக் கூலி தயாரிக்கிறாய் என்று ஒரு தோழர் என்னைத் திட்டினார். இன்னொரு பக்கம், உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி மாவட்டத்து பங்கா கிராமத்தில் 'ஆங்கில தேவி'க்குக் கோவில் கட்ட 2010-இல் முன்நின்ற சந்திரபான் பிரசாத் போன்றவர்கள் இருக்கிறார்கள். எனக்கு எந்த தேவியும் வேண்டாம். ஆனால் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டு நம்மைத் தமிழ் போதும் என்று சொல்கிறவர்கள்மீது அவருக்கு இருந்த கோபம் எனக்கும் உண்டு. கூலி தயாரிக்கும் கலை எப்படியும் காலாவதியாகிவருகிறது. பேசுகிறவரின் இந்திய உச்சரிப்பை அழைப்பின் நடுவிலேயே மாற்றிக் கொடுக்கும் சானஸ் என்ற மென்பொருளை உலகின் மிகப் பெரிய கால் சென்டர் நிறுவனங்களில் ஒன்றான டெலிபெர்ஃபார்மன்ஸ் 2025-இல் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. நாக்கை வளைக்க நான் ஒரு காலத்தில் செலவழித்த மணி நேரங்களை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. எந்த மென்பொருளும் 'உங்கள் பெயர் என்ன?' என்று நமக்குப் பதிலாகக் கேட்டுத் தராது.

உச்சரிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. புரிந்தால் போதும் என்கிறேன். எங்கே புரியாமல் போகிறது என்பதும் தமிழ் படித்தவர்களுக்குத் தனி. நம் எழுத்தில் ஒரே 'ப'தான், ஒரே 'ட'தான். ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் நமக்கு 'பி'தான். நேரில் என்றால் உதட்டைப் பார்த்து ஊகிக்கலாம், போனில் முடியாது. அதனால் விமானிகள் சொல்வது போல 'பிராவோ', 'பாப்பா' என்று எழுத்துக்கு ஒரு சொல் வைத்துப் பழகுகிறோம். பதினாலா நாற்பதா என்ற குழப்பத்துக்கு 'ஒன் ஃபோர்', 'ஃபோர் ஜீரோ'. இதைவிடக் கஷ்டம் 'குட் யூ ரிப்பீட் தட்?' என்று கேட்பது. புரியாவிட்டாலும் 'எஸ், எஸ்' என்று சொல்லித் தப்பிக்கவே எல்லோரும் பார்த்தார்கள். கல்வராயன் மலையிலிருந்து வரும் தம்பிக்கு மட்டும் அந்தக் கூச்சம் இல்லை. அவர் ஊரில் சிக்னல் ஒழுங்காக நிற்காது. 'கேக்கல, திருப்பிச் சொல்லுங்க' என்பது அவருக்கு அன்றாட வசனம். அன்றைக்கு அவரைத்தான் பாடம் நடத்தச் சொன்னேன்.

வயது வந்தவர்களுக்குக் கற்பிப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். சைக்கிள் ஏறியவர்கள் யாரையும் கேட்காமல் வெளியே போனார்கள், ஊர் கேலி பேசியும் இறங்கவில்லை. பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963-இல் அங்கிகோஸ் என்ற சிறு ஊரில் 300 பேருக்கு எழுத்து கற்பித்தபோது, அந்த நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. எழுத்து கற்றால் ஓட்டு வரும். மறு ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் போட்டது. எழுத்தும் சைக்கிளும் அந்த மக்களுக்கு எங்கே போய்ச் சேரப் பயன்பட்டன என்று பாருங்கள். போனும் அப்படிப் பயன்பட வேண்டும்.

அதனால் எங்கள் வகுப்பில் நிறுவனத்து உரையாடல்களோடு வேறு சில அழைப்புகளையும் நடித்துப் பார்க்கிறோம். 108-ஐக் கூப்பிட்டு முகவரி சொல்வது. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்மீதான வன்கொடுமைகளுக்காக 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 14566 என்ற எண்ணைக் கூப்பிட்டுப் புகார் பதிவு செய்வது. இதையெல்லாம் தமிழிலேயே பேசலாம், பேச வேண்டும். ஆனால் ஆங்கில வகுப்பில் பழகிய ஒழுங்கு இங்கேயும் உதவுகிறது. யார் பேசுவது, என்ன பதவி, நான் சொன்னதை எப்படி எழுதினீர்கள், புகார் எண் என்ன, எப்போது திரும்பக் கூப்பிடுவீர்கள் என்று வரிசையாகக் கேட்கலாம். முகவரி சொல்லும்போது சிலர் தெருப் பெயரை விழுங்கிவிடுகிறார்கள். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார், நல்லது. சொல்கிறவரின் தொண்டையிலிருந்து அது போக இன்னும் நாளாகும்.

போன வாரம் வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஏதாவது ஒரு அலுவலகத்துக்கு உண்மையாகவே போன் செய்து, வேலை என்னவோ அதைப் பேசிவிட்டு, எதிர்முனையில் பேசியவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். தமிழோ ஆங்கிலமோ, அவரவர் விருப்பம். பதினொரு பேரில் ஏழு பேர் பெயரோடு வந்தார்கள். மூன்று பேர் போன் செய்யவே இல்லை. முதலில் வாய் திறக்காத அந்த அக்கா நோட்டைத் திறந்து காட்டினார். பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. "பேர் எல்லாம் சொல்ல முடியாதுன்னு வச்சிட்டாங்க சார். நான் மறுபடி போட்டு, சரி, பேர் சொல்ல மாட்டேன்னு சொன்னதா எழுதிக்கிறேன்னு சொன்னேன்" என்றார். பக்கத்தில் நேரம் குறித்திருந்தார், இரண்டு தடவையும். காலை 11.20, 11.23.