துளைத்தால் போதுமா?

பாண்டியரின் முத்துத் துறையான கொற்கையில் சிப்பி எடுத்தவருக்கெல்லாம் முத்து கிடைத்துவிடவில்லை. மூழ்கும்போது சிப்பி அகப்பட வேண்டும். அதைப் பிளக்க வேண்டும். உள்ளே முத்தும் இருக்க வேண்டும்.

மொபைலில் டாங்கி விளையாட்டு ஆடும் பிள்ளைகள் இந்த மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். "என் குண்டு 200 மில்லிமீட்டர் துளைக்கும், எதிரியோட கவசம் 150தான். கதை முடிஞ்சுது!" என்று குதிக்கிறார்கள்.

முடியாது. நல்ல போர் விளையாட்டு மூன்று கேள்வி கேட்கும். குண்டு பட்டதா? கவசத்தைத் துளைத்ததா? உள்ளே எதைத் தாக்கியது? பேச்சுக்கு, படும் வாய்ப்பு 50 சதவீதம், பட்டால் துளைக்கும் வாய்ப்பு 80, துளைத்தால் டாங்கியை வீழ்த்தும் வாய்ப்பு 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் வருவது 20 சதவீதம்தான். ஐந்து குண்டுக்கு ஒன்று! வெடிமருந்தில் பட்டால் டாங்கியே சிதறும். எஞ்சினில் பட்டால் நகராது, ஆனால் சுடும்.

1971 டிசம்பர் 16. பாகிஸ்தானுடனான போரில், பசந்தர் களத்தில் 21 வயது அருண் கேத்ரபாலின் செஞ்சூரியன் டாங்கி அடிபட்டுத் தீப்பிடித்தது. வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது. பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று பதில் சொல்லிவிட்டு, தொடர்ந்து சுட்டார். பிறகு பட்ட குண்டில் உயிர் போனது. மறைவுக்குப் பின் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது.

அந்த டாங்கியைச் செப்பனிட்டு, முன்பு அகமதுநகர் எனப்பட்ட அகில்யாநகரில் வைத்திருக்கிறார்கள். இரும்பைச் செப்பனிட முடிந்தது. அந்தப் பிள்ளையை மீட்க முடியவில்லை. விளையாடும் பிள்ளைகளிடம் கணக்கோடு இதையும் சொல்லிவையுங்கள்.