சுக்கிரனின் இருட்டுப் பக்கம்

விடியற்காலையில் கீழ்வானத்தில் ஜொலிக்கும் சுக்கிரனை ஆசையோடு தூரதரிசினியில் பார்ப்பவர்கள், பிறைச் சந்திரனை ஒத்த வெள்ளைத் துண்டொன்றையன்றி மலையையோ மடுவையோ காணாமல் ஏமாந்துதான் போகிறார்கள். கந்தகத் திராவகத் துளிகளாலான மேகங்கள் அக்கிரகத்தை இடைவெளியின்றிப் போர்த்தியிருக்க, அவற்றுக்கும் மேலே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் உயரம்வரை மெல்லிய மூட்டமொன்று படர்ந்து கிடக்கிறது.

அதன் இருட்டுப் பக்கமோ அகச்சிவப்புக் கிரணங்களில் மங்கலாக ஒளிர்கிறது என்று 1984-இல் அறிவித்தவர்கள், ஆஸ்திரேலியாவிலிருந்து அதை நோக்கிய டேவிட் ஆலனும் ஜான் கிராஃபோர்டும் ஆவர். சுமார் 460 டிகிரி உஷ்ணத்தில் தகிக்கும் தரைக்கும் மேகங்களுக்கும் இடையேயுள்ள சூடான காற்று வெளியிடும் கிரணங்களில், 1.7, 2.3 மைக்ரான் அலைநீளங்களை ஒட்டியவற்றைக் கரியமில வாயுவும் திராவகத் துளிகளும் அவ்வளவாக விழுங்குவதில்லை. ஏற்றிய அரிக்கேன் விளக்கின் கண்ணாடியில் கரி தடித்த இடம் கறுத்தும் மெலிந்த இடம் வெளுத்தும் தோன்றுமே, அப்படித்தான் அக்கிரணங்களில் எடுத்த படங்களில் மேகங்களின் கனம் புலனாகிறது.

ஜப்பானியரின் அகாட்சுகி கலம், 2010 டிசம்பர் 7-இல் பிரதான எஞ்சின் பழுதுபட்டுக் கிரகத்தைத் தவறவிட்டு, ஐந்தாண்டு சூரியனைச் சுற்றியலைந்து, அதே டிசம்பர் 7-இல், கலத்தைத் திருப்புவதற்கென்று வைத்த சின்னஞ்சிறு எஞ்சின்களைக் கொண்டே சுக்கிரனைச் சுற்றும் பாதையில் புகுந்தது. புகுந்த சில தினங்களிலேயே அதன் அகச்சிவப்புக் காமிரா, 10,000 கிலோமீட்டர் நீளமுள்ள வில்வடிவத் தழும்பொன்றைக் கண்டது. மேல்மேகங்கள் நான்கே நாளில் கிரகத்தைச் சுற்றிவரும் வேகத்தில் ஓட, இது மட்டும் அப்ரொடைட்டி மேட்டுநிலத்துக்கு நேர்மேலே அசையாது நின்றது! மலைமேல் மோதிய காற்று எழுப்பிய அலை, அறுபது கிலோமீட்டருக்கு மேலேறி மேகத்தின் உச்சியைத் தொட்டதன் அடையாளம் என்பதே விஞ்ஞானிகளின் விளக்கம்.

மறைக்கும் மூட்டமே கீழே இருப்பதைச் சொல்லுமென்றால், அதை இடைவிடாது கவனிப்பதன்றோ முறை? அகாட்சுகியின் ஐந்து காமிராக்களில் இரண்டு ஓராண்டிலேயே ஓய்ந்தன. 2024 ஏப்ரலில் அதன் குரலும் அடங்கியபின், சுக்கிரனைச் சுற்றிக் காவலிருக்க ஒரு கலமுமில்லை. நமது மத்திய மந்திரிசபை 2024 செப்டம்பரில் 1,236 கோடி ரூபாயில் சுக்கிரன் கலமொன்றுக்கு அனுமதி தந்து, 2028 மார்ச்சைக் குறித்திருக்கிறது. மேகம் பார்க்க இவ்வளவு பணமா என்பாருக்கு நான் சொல்வது இதுதான்: ஒப்புக்கொண்ட காரியத்தில் தாமதம்தான் பெருஞ்செலவு. கலம் கிளம்பத் தோதான வேளையைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும்; பூமியும் சுக்கிரனும் ஒருமுறை நெருங்கிய நிலைக்கு மறுபடி வந்துசேர 584 நாள் ஆகிறது.